பிரேக் அக்காவின் கழுத்தும் வலி மேலாண்மை மையமும்

பிரேக் அக்காவுக்குக் கழுத்து வலி வந்ததற்கு அவருடைய மாணவர்கள் அத்தனை பேரும் கூட்டுப் பொறுப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். மாணவர் பிரேக் போட மறந்தால் மிதிப்பதற்கு அக்காவின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஆனால் மாணவர் தேவையில்லாமல் போட்ட பிரேக்கைத் திரும்ப எடுப்பதற்கு இதுவரை எந்தக் கம்பெனியும் ஒரு கருவி கண்டுபிடிக்கவில்லை. நாயைப் பார்த்தால் ஒரு பிரேக். நாய் தாண்டிப் போய்விட்டால், எங்கே போனது என்று பார்க்க இன்னொரு பிரேக். ஒவ்வொரு தடவையும் அக்காவின் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். இருபது வருஷம் தலை ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒருநாள் கழுத்து, இனிமேல் என்னால் ஆகாது என்று உட்கார்ந்துவிட்டது.

தெருவில் எங்கேயாவது "பிரேக்க விடுங்க! ஐயோ, பிரேக்க விடுங்க!" என்று குரல் கேட்டால், எல் போர்டு மாட்டிய அந்தச் சிவப்பு வண்டி வருகிறது என்று அர்த்தம். பேர் அப்படி வந்ததுதான். அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். உயிர் பயத்தில் வயது பார்க்க முடியாது.

அந்தக் கழுத்தை ஒன்பது வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவர் பழைய டாக்டர். காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் ஒரு மஞ்சள் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் அக்கா இந்தப் பக்கக் கண்ணாடியையும் பார்க்கலாம், அந்தப் பக்கக் கண்ணாடியையும் பார்க்கலாம். அதற்கு மேல் அவர் கழுத்திடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அந்த டாக்டர் ஒருநாள் கடையைக் கட்டினார். மகள் வீட்டுக்குப் போய்த் தக்காளிச் செடி வளர்க்கப் போவதாகச் சொன்னார்.

"புது டாக்டர்கிட்ட போங்கம்மா. பெரிய மையம். எதையும் மறைக்காதீங்க. உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க" என்றார்.

ஒன்பது வருஷத்தில் அவர் கொடுத்த ஒரே தப்பான மருந்து அதுதான்.

ஒருங்கிணைந்த வலி மேலாண்மை மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. 'வலியுள்ளவர்கள் படியேறுவதைத் தவிர்க்கவும்' என்று படிக்கட்டில் ஒரு பலகை இருந்தது. 'பழுது' என்று லிஃப்டில் ஒரு பலகை இருந்தது. இரண்டையும் படித்துவிட்டு அக்கா படியேறினார். மேலே வாசலில், 'உங்கள் வலி எங்கள் பொறுப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"வலி எத்தனை?"

"ஒண்ணுதாங்க. கழுத்துல."

"அது இல்லங்க. பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள எத்தனை?"

அக்கா யோசித்தார். காலை மாத்திரை போட்டிருந்தார். மூன்று மாடியும் ஏறியிருந்தார். "ஆறுன்னு வச்சுக்கலாம்."

"வச்சுக்க முடியாதுங்க. அஞ்சு வரைக்கும் லேசான வலி, அது ரெண்டாவது மாடி. ஏழுலேர்ந்து கடுமையான வலி, அது இந்த மாடி. ஆறுக்கு இன்னும் மாடி கட்டல."

"அப்ப ஏழுன்னு போட்டுக்குங்க."

"நான் சொல்லி நீங்க சொன்னா அது தூண்டுதல். நீங்களா சொல்லணும்."

"நானா சொல்றேன். ஏழு."

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்தாள். "இப்பதானே ஆறு சொன்னீங்க?"

"உங்ககூடப் பேசினதுல ஒண்ணு ஏறிடுச்சுங்க."

அவள் அதையும் பதிந்துகொண்டாள். வலி அதிகரிக்கும் சூழல்: பேச்சு.

வலி நிபுணர் சின்ன வயசுக்காரர். அவருடைய சட்டை, மேசை, முகம் எல்லாவற்றையும் ஒரே ஆள் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. அக்கா உட்கார்ந்ததும் அவர் விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"ஒரு விஷயத்த முதல்லயே தெளிவுபடுத்திடறேன். இது வலி குறைப்பு மையம் இல்ல. வலி மேலாண்மை மையம். ஒரு ஆபீஸ்ல மேலாளர் இருக்காரு. அவர் வந்ததால அங்க வேலை குறைஞ்சிருக்கா?"

"இல்லீங்க. கூடத்தான் கூடும்."

"அதேதான்" என்றார் நிபுணர் மகிழ்ச்சியோடு. "இப்ப என்ன சாப்பிடறீங்க?"

அக்கா இரண்டு மாத்திரைகளின் பெயரையும், அளவையும், எந்த நேரம் என்பதையும் கடகடவென்று சொன்னார். நிபுணரின் புருவம் மெதுவாக மேலே போனது.

"பேரெல்லாம் இவ்வளவு சுத்தமா சொல்றீங்க?"

"ஒன்பது வருஷமா சாப்பிடறேனே."

"மருந்து பேர மனப்பாடமா சொல்றவங்கள நாங்க கொஞ்சம் எச்சரிக்கையாத்தான் பாப்போம்."

அக்கா சட்டென்று பின்வாங்கினார். "இல்லீங்க, எனக்கு அப்படி ஒண்ணும் தெரியாது. ஒண்ணு வெள்ளையா இருக்கும், ஒண்ணு மஞ்சளா இருக்கும்."

"பேர்கூடத் தெரியாமயா வாயில போட்டுக்கறீங்க?"

நிபுணர் ஏதோ எழுதினார்.

"சரி, மாத்திரை கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க."

"அப்ப வலி இல்ல."

"மாத்திரை போட்டா இல்ல."

"வலி இல்லாதவங்களுக்கு நான் எப்படிம்மா வலி மாத்திரை எழுதறது?"

"போடாட்டி வலிக்கும் சார். ஒரு தடவை மருந்துக்கடைக்காரர் வீட்டுல கல்யாணம்னு கடைய பூட்டிட்டாரு. அந்த நாலு நாளும் நான் எதுத்தாப்ல இருக்கற சுவத்த மட்டும்தான் பாத்தேன்."

"அது அப்ப. நான் கேக்கறது இப்ப."

அக்கா பேச்சை மாற்றிப் பார்த்தார். "சார், கழுத்தப் பாக்கலீங்களா?"

"பாத்தேனே. நீங்க உள்ள வரும்போதே இருந்துச்சு."

பிறகு அவர் நடைமுறையை விளக்கினார். வேறொரு டாக்டர் எழுதிய மருந்தை மையம் அப்படியே தொடராது. முதலில் நோயாளியை அறிய வேண்டும், அப்புறம் வலியை அறிய வேண்டும், அப்புறம் இரண்டு பேருக்கும் நடுவிலுள்ள உறவை அறிய வேண்டும். எல்லாம் முடிய ஆறு வாரம் ஆகும்.

"கையில ரெண்டு வாரத்துக்குத்தான் சார் மாத்திரை இருக்கு. மீதி நாளுக்கு என்ன பண்றது?"

"அங்கதாம்மா மேலாண்மை வருது" என்றார் நிபுணர்.

வீட்டில் அக்காவின் கணவர் காத்திருந்தார். அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஒலிபெருக்கியில் பேசிப் பேசி அந்தக் குரல் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குளியலறையில் வாளி நிரம்பினால், "தண்ணீர் இன்னும் சற்று நேரத்தில் வெளியேறும்" என்பார். இன்றைக்கும் கதவைத் திறந்துகொண்டே, "காலை ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டிய என் மனைவி, நான்கு மணி நேரத் தாமதத்திற்குப் பின் வந்து சேர்ந்துள்ளார். மாத்திரை கிடைத்ததா?" என்றார்.

"மாத்திரை கிடைக்கல. ஒரு டப்பா குடுத்தாங்க. அதுல பிடிச்சுக் கொண்டுவரச் சொன்னாங்க."

பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்ததில் வந்தது அடுத்த வினை. சிறுநீர்ச் சோதனையின் முடிவைச் சொல்வதற்கு மையத்தில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். அந்த மையத்தில் பூட்டு என்று ஒன்று எங்கேயும் கிடையாது. ஆனாலும் அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு, கெட்ட செய்தி சொல்லும் தொனியில் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க உடம்புல மருந்து இருக்கு."

"சாப்பிட்டா இருக்கத்தானேங்க செய்யும்?"

"மருந்து இருந்தா, மருந்துக்குப் பழகிட்டீங்கன்னு அர்த்தம்."

"இல்லாம இருந்திருந்தா?"

"நீங்க சாப்பிடாம யாருக்கோ வித்துட்டீங்கன்னு அர்த்தம்."

"அப்ப எப்படித்தாங்க இருக்கணும்?"

கண்காணிப்பாளர் பின்னால் சாய்ந்துகொண்டார். "இத்தனை வருஷத்துல எத்தனையோ பேர சோதிச்சாச்சும்மா. ஒருத்தர்கூட இன்னும் சரியா இருந்ததில்ல. அந்த அளவுக்கு எங்க சோதனை துல்லியம்."

அடுத்த வாரம் ஒரு காலை நேரம். அக்கா பேக்கரிக்காரருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் அக்காவைவிடப் பத்து வயது பெரியவர். மாவு மிதிக்கும் பரம்பரை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவர் கடையில் மிஷின்தான். ஆனால் பிரேக்கை மட்டும் அவர் மாவு மிதிப்பதுபோல் மிதித்தார். நான்கு சாலை சேரும் ரவுண்டானாவை மூன்றாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது.

"வலி மேலாண்மை மையம். திடீர்ச் சோதனை. மிச்சமிருக்கற மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டு அரைமணிக்குள்ள வந்துடுங்க. வரலன்னா ஒத்துழைக்கலன்னு எழுதிடுவோம்."

"அண்ணே, இந்தச் சுத்துலேர்ந்து வெளிய வாங்க" என்றார் அக்கா.

"அதான் அக்கா தெரியல" என்றார் பேக்கரிக்காரர்.

எப்படியோ வெளியே வந்தார்கள். வழியில் ஒரு காக்காய்க்கு ஒரு பிரேக், காக்காயின் நிழலுக்கு ஒரு பிரேக். வீட்டில் நிறுத்தி மாத்திரையை அள்ளிக்கொண்டு, முதல் கியரிலேயே மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் தலை அவர் வசத்தில் இல்லை.

கண்காணிப்பாளர் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கையுறை மாட்டிக்கொண்டு, மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார்.

"வெள்ளையில ஒண்ணு அதிகமா இருக்கு."

"ஆமாங்க. சாப்பிட்டதும் போடறது. சாப்பிடறதுக்குள்ள நீங்க போன் பண்ணிட்டீங்க."

"அதாவது, மாத்திரை இல்லாமலே இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. அதுவும் மூணு மாடி ஏறி."

"நீங்கதானேங்க வரச்சொன்னீங்க!"

"வரச்சொல்வோம். வந்துடறீங்களான்னுதானே சோதனை."

அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. துணியிலிருந்து அந்த ஒரு மாத்திரையை எடுத்தார், வாயில் போட்டார், மேசையிலிருந்த கண்காணிப்பாளரின் தண்ணீரையே குடித்தார். "இப்ப கணக்கு சரியாப் போச்சா?"

கண்காணிப்பாளர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"அம்மா, நீங்க சாட்சியத்த முழுங்கிட்டீங்க."

சாட்சியத்தை முழுங்கியவர்கள் உடனே குழு முன்னால் ஆஜராக வேண்டும். குழுவில் அதே நிபுணர், அதே கண்காணிப்பாளர், மூன்றாவதாக ஓர் ஆலோசகர் அம்மாள். ஆலோசகர் அம்மாளின் குரல் தொட்டிலாட்டுவதுபோல் இருக்கும். அவர் பேச ஆரம்பித்தால் கண்காணிப்பாளரே கொட்டாவி விடுவார்.

"வலிய எதிரியா பாக்காதீங்கம்மா. வீட்டுக்கு வந்த விருந்தாளியா பாருங்க."

"விருந்தாளின்னா என்னைக்காவது கிளம்பிப் போகணுமேங்க."

"போகச் சொல்றது மரியாதை இல்லையே. அவருக்கு ஒரு பேர் வைங்க. பேர் வச்சா பயம் போயிடும். யோசிக்காம மனசுல வர்ற முதல் பேர சொல்லுங்க."

அக்கா வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரரை நினைத்துக்கொண்டிருந்தார். "கிளட்ச்" என்றார்.

குழு அதை ஏற்றுக்கொண்டது. மரியாதைக்காக முன்னால் ஒரு 'திரு'வும் சேர்த்துக்கொண்டது.

"திரு. கிளட்ச் எத்தனை வருஷமா உங்ககூட இருக்காரு?" என்று கேட்டார் நிபுணர்.

"ஒன்பது வருஷமா."

"ராத்திரியிலயும் இருப்பாரா?"

"ராத்திரிதான் சார் ரொம்பத் தொந்தரவு."

சரியாக அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அக்காவின் கணவர் உள்ளே வந்தார். வேலை முடிந்து மனைவியைக் கூட்டிப்போக வந்தவர் அவர். வாசலிலேயே நின்றுவிட்டார். ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது.

"கவனிக்கவும். யார் இந்தத் திரு. கிளட்ச்?"

அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, திரு. கிளட்ச் என்பவர் ஆள் இல்லை என்று புரியவைக்கக் கால்மணி நேரம் ஆனது. புரிந்த பிறகும் அவர் அரை மனதாகத்தான் இருந்தார். குழு கலந்து பேசி முடிவெடுத்தது. திரு. கிளட்சை இந்த அறையில் வைத்து அறிய முடியாது. அவர் வேலை பார்க்கும் இடத்துக்கே போய் நேரில் கவனிக்க வேண்டும். அடுத்த வாரம் நிபுணரும் கண்காணிப்பாளரும் வகுப்பு நடக்கும்போது வண்டியில் வருவார்கள்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் மாத்திரை தீர்ந்துவிட்டது.

அக்கா அலமாரி மாதிரி ஆனார். யாராவது கூப்பிட்டால் மொத்தமாகத்தான் திரும்பினார். வண்டியில் கண்ணாடியைப் பார்க்க முடியாததால் மாணவர்களையே கேட்க வேண்டியிருந்தது. "வலது கண்ணாடில என்ன தெரியுது?" என்றால், "மேகம் தெரியுது அக்கா" என்றார்கள். இரண்டு மாணவர்களை அடுத்த மாதம் வரச்சொல்லி அனுப்பிவிட்டார். ஓட்டுநர் தேர்வுக்கு நாள் குறித்திருந்ததால் பேக்கரிக்காரரை மட்டும் அனுப்ப முடியவில்லை.

ஒரு சாயங்காலம் தலை வாரக் கையைத் தூக்கினார். கை தோளோடு நின்றது. சீப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க முடியாமல் சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழேயும் சரியாகப் பார்க்க முடியவில்லை. கணவர் வந்து சீப்பை எடுத்தார். ஸ்டூலைப் போட்டு அவரை உட்காரவைத்து, பின்னால் நின்று சிக்கெடுக்க ஆரம்பித்தார். அவருக்குச் சிக்கெடுக்கத் தெரியாது. நுனியிலிருந்து எடுக்க வேண்டியதை உச்சியிலிருந்து இழுத்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார். அறிவிப்புக் குரல் இல்லை. கல்யாணமான புதிதில் இருந்த பழைய குரல்.

"நீ இழுக்கறது வலிக்கல" என்றார் அக்கா. "வண்டிய வித்துடலாமான்னு பாக்கறேன்."

கணவர் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டிருந்த பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினார்.

கவனிப்பு நாள் வந்தது. நிபுணரும் கண்காணிப்பாளரும் பின் இருக்கையில் ஏறினார்கள். நிபுணர் மடியில் ஒரு கைக்கணினி இருந்தது. அக்கா மொத்தமாகத் திரும்ப முயன்று, முடியாமல், நேரே முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"சார், பெல்ட் போட்டுக்குங்க."

"நாங்க பயணிகள் இல்லம்மா. பார்வையாளர்கள்" என்றார் நிபுணர்.

"யாரா இருந்தாலும் போடணும் சார். என் வண்டி விதி."

"நடைமுறைப்படி நாங்க கவனிக்கறதுல எதுவும் தலையிடக் கூடாது. பெல்ட்டும் சேத்துத்தான்" என்றார் கண்காணிப்பாளர். "நீங்க எப்பவும்போல இருங்க. நாங்க இங்க இல்லன்னே நினைச்சுக்குங்க."

பேக்கரிக்காரர் அப்படி நினைக்க மிகவும் முயன்றார். இரண்டு பெரிய மனிதர்கள் பின்னால் உட்கார்ந்து தன்னையே பார்க்கிறார்கள் என்றதும் அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். ஆனாலும் அன்றைக்கு அவர் அதிசயமாக ஓட்டினார். ஒரு நாய் குறுக்கே போனது, பிரேக் இல்லை. இரண்டு புறாக்கள் இறங்கின, பிரேக் இல்லை. அக்காவுக்கே ஆச்சரியம்.

பின்னால் நிபுணர் தட்டிக்கொண்டே சொன்னார். "இதுவரைக்கும் திரு. கிளட்ச் வரவே இல்ல. நான் சந்தேகப்பட்டது சரிதான். பாதி வலி வெறும் எதிர்பார்ப்பு."

"எழுதிக்குங்க டாக்டர்" என்றார் கண்காணிப்பாளர். "இவங்களுக்கு மருந்து தேவையில்லன்னு..."

அப்போது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை காற்றில் துள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தது.

அக்காவால் பையைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பேக்கரிக்காரரின் வலது கால் எழும்புவது, எந்தப் பக்கம் முகம் இருந்தாலும், அவருக்குத் தெரியும். இரண்டு கையையும் முன்பலகையில் ஊன்றி, முதுகை இருக்கையோடு ஒட்டிக்கொண்டு, "பிரேக்க விடு..." என்பதற்குள் வண்டி நின்றது.

வண்டி மட்டும்தான் நின்றது. பார்வையாளர்கள் இருவரும் முன் இருக்கை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"முயல்னு நெனச்சுட்டேன் அக்கா" என்றார் பேக்கரிக்காரர், முகம் வெளுத்து.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. "அம்மா! கழுத்து! ஐயோ, கழுத்து!"

"சார், அசையாதீங்க" என்றார் அக்கா. அவருக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது. "ரொம்ப வலிக்குதா?"

"பத்து! பத்து!" என்று அலறினார் நிபுணர்.

கண்காணிப்பாளரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் கடமை விடவில்லை. "டாக்டர், எடுத்த எடுப்புல பத்துன்னு சொல்றவங்கள... ஆ... நாம நம்பறதில்லயே."

"யோவ், வாய மூடுய்யா! அம்மா, அந்த வெள்ளை மாத்திரை ஒண்ணு இருந்தாக் குடுங்க!"

"தீர்ந்து நாலு நாள் ஆச்சு சார்."

"அப்ப மஞ்சள்?"

"அதுவும்தான் சார். உங்க நடைமுறை இன்னும் மூணு வாரம் பாக்கி இருக்கு."

நிபுணரைத் தன் மையத்துக்கே கூட்டிப்போவதாகத்தான் அக்கா சொன்னார். நிபுணர் வழியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி வேறு வண்டி பிடித்தார். "அங்க வேண்டாம்மா. எனக்கு இது சீக்கிரம் சரியாகணும்" என்றார். கண்காணிப்பாளர் விசுவாசமானவர். மையத்துக்கே போனார். அங்கே அவருக்குக் கழுத்துப் பட்டை ஒன்றைக் கொடுத்து, அவருடைய வலியை அறிய ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

நிபுணர் விடுப்பில் போனதால் மையத்துக்கு அவசரமாக ஒரு மாற்று டாக்டர் வந்தார். இரண்டு நாள் கழித்து, கவனிப்பின் முடிவைக் கேட்க அக்கா மூன்று மாடி ஏறிப் போனபோது, நிபுணரின் நாற்காலியில் ஓர் இளம்பெண் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, உக்காருங்க. எங்க வலிக்குது?"

அக்கா உட்கார்ந்தார். இந்தக் கட்டடத்தில் இத்தனை வாரமாக ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை.

"கழுத்துல" என்றார் அக்கா.

டாக்டர் எழுந்து பின்னால் வந்தார். விரலால் கழுத்தை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். மெதுவாக இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார், அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். கை மரத்துப்போகிறதா என்று கேட்டார். பழைய டாக்டரின் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். அக்காவின் போனில் அவர் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு, அவரோடே பேசிவிட்டார். தக்காளிச் செடியைப் பற்றியும் ஒரு நிமிஷம் பேசினார்கள்.

"ரெண்டு மாத்திரையையும் அப்படியே எழுதறேன். ஒரு மாசம் கழிச்சு வாங்க, வெள்ளைய கொஞ்சம் குறைக்க முடியுமான்னு பாப்போம். கழுத்துக்கு ரெண்டு பயிற்சி சொல்லித் தர்றேன். அத விடாம செய்யணும், சரியா?"

சீட்டு அக்காவின் கையில் இருந்தது. அவருக்குப் பயமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டாக்டர், குழுவெல்லாம் கூட வேண்டாமா?"

"எந்தக் குழு?"

"மாத்திரைய எண்ண வேண்டாமா?"

"மருந்துக்கடையில எண்ணித்தானே குடுப்பாங்க?" டாக்டர் சிரித்தார். "நான் நேத்துத்தான் வந்தேங்க. இங்க ஏதோ நடைமுறையெல்லாம் இருக்காம். திங்கக்கிழமை பயிற்சி குடுக்கறாங்களாம். அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்ச மாதிரி பாக்கச் சொல்லியிருக்காங்க."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அக்கா வெளியே வந்தார். காத்திருப்பவர்கள் வரிசையில் முழங்கால் வலிக்காரரான குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் நான்கு மாதமாக உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய், காதோடு காதாக, "அண்ணே, திங்கக்கிழமைக்கு முன்னாடி உள்ள போயிடுங்க. இந்த டாக்டருக்கு இன்னும் பயிற்சி குடுக்கல" என்றார்.

குழாய்க்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு நான்கு மாதத்தில் முதல் தடவையாகக் கைத்தடி இல்லாமல் எழுந்தார். அடுத்த நாற்காலிக்காரர் அடுத்தவரிடம் சொன்னார். வீட்டில் இருந்த நோயாளிகளுக்குப் போன் பறந்தது. அக்கா தன் கணவருக்கும் போனில் விஷயத்தைச் சொன்னார். சந்தோஷத்தில்தான் சொன்னார், வேறு நோக்கம் இல்லை. ஆனால் கணவர் அப்போது வேலையில் இருந்தார், ஒலிபெருக்கியும் திறந்திருந்தது.

"பயணிகளின் கவனத்திற்கு. கழுத்து, இடுப்பு, முழங்கால் வலியுடன் பயணம் செய்பவர்கள் கவனிக்கவும். வலி மேலாண்மை மையத்தில், மூன்றாவது மாடியில், பயிற்சி பெறாத டாக்டர் ஒருவர் தற்போது தயார் நிலையில் உள்ளார். இவர் திங்கட்கிழமை காலை வரை மட்டுமே இயங்குவார்."

அக்கா மருந்துக்கடைக்குப் போக முதல் மாடி வரை இறங்குவதற்குள் கீழேயிருந்து சத்தம் கேட்டது. படிக்கட்டு முழுக்க ஆட்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இரண்டிரண்டு படியாகத் தாவினார். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியம்மா, லிஃப்ட் பலகையைப் பார்த்துவிட்டு, நாற்காலியை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். அக்கா சுவரோரமாக ஒதுங்கினார்.

கூட்டத்தோடு மையத்தின் இயக்குநரும் மேலே ஏறிக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை மையத்தைப் பார்வையிட வருபவர் அவர். அவருக்குப் பக்கத்தில் கழுத்துப் பட்டையோடு கண்காணிப்பாளர். இயக்குநர் முதல் மாடித் திருப்பத்தில் நின்று, ஓடுபவர்களைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"ஆரம்பிச்சப்ப எல்லாரும் கேட்டாங்க, மருந்து குடுக்காம வலிய எப்படிய்யா சமாளிப்பேன்னு. இப்பப் பாருங்க! நடக்க முடியாம வந்தவங்க மூணாவது மாடிக்கு ஓடறாங்க! இதத்தான் நான் மேலாண்மைன்னு சொல்றேன். இந்த முறைய ஊர் ஊரா கொண்டுபோகணும். எழுதிக்குங்க."

கண்காணிப்பாளர் குனிய முடியாமல் கையை மேலே தூக்கி வைத்து எழுதினார்.

இயக்குநரின் பார்வை சுவரோரமாக, நிதானமாக, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்த அக்கா மேல் விழுந்தது. அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் நடந்துகொண்டிருந்தார். இயக்குநருக்கு வருத்தமாகிவிட்டது.

"ஏம்மா, உங்களுக்கு மட்டும் இன்னும் குணமாகலையா? நீங்க ஏன் ஓடல?"

"எனக்கு மாத்திரைக்குச் சீட்டு கிடைச்சிடுச்சு சார்" என்றார் அக்கா. "இனிமே நடந்தாப் போதும்."